நகரப் போலீசுக்கு ஒரு ரோந்துப் படகு: வாங்குவது எப்படி, வாங்கிய பிறகு என்ன?

அமெரிக்காவின் துறைமுக நகரங்களில் நகரமன்றக் கூட்டத்துக்கு அவ்வப்போது ஒரு தீர்மானம் வரும். துறைமுகப் பாதுகாப்புக்காகக் காவல்துறைக்கு ரோந்துப் படகு வாங்க வேண்டும், அதற்கு மத்திய அரசு தரும் மானியத்தை ஏற்றுக்கொள்ள ஒப்புதல் வேண்டும் என்று அதில் இருக்கும். பெரும்பகுதிப் பணம் வாஷிங்டனிலிருந்து வருகிறது என்பதால் கேள்வி கேட்பவர்கள் குறைவு. நாளிதழில் படகின் படத்தோடு நாலு வரிச் செய்தி வரும், அவ்வளவுதான்.

அந்த நாலு வரிக்குள் நிறைய விஷயம் அடங்கியிருக்கிறது. கடற்படையும் கடலோரக் காவல்படையும் இருக்கும்போது நகரப் போலீசுக்கு எதற்குப் படகு? பணம் யார் தருகிறார்கள், என்ன நிபந்தனையோடு? படகில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கிய படகை ஓட்டப்போவது யார்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. படகின் விலை ஒருமுறை செலவு. ஆளும் எரிபொருளும் பராமரிப்பும் அந்தப் படகு தண்ணீரில் இருக்கும் வரைக்கும் நகரத்தின் தலையில் இருக்கும்.

தண்ணீரில் போலீஸ் என்பது புதிதல்ல. 1798இல் லண்டனில் பேட்ரிக் கோல்குஹூன், ஜான் ஹேரியட் என்ற இருவரின் முயற்சியில் தேம்ஸ் நதிப் போலீஸ் தொடங்கியது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த சர்க்கரையும் ரம்மும் கப்பலிலிருந்து இறங்குவதற்குள் களவு போய்க்கொண்டிருந்தன. நஷ்டம் தாங்காத வணிகர்களே அதற்குப் பணம் கொடுத்தார்கள். 1839இல் அது லண்டன் மாநகரக் காவல்துறையோடு சேர்ந்தது. வாப்பிங் என்ற இடத்திலுள்ள அந்த நிலையத்திலிருந்து இன்றும் போலீஸ் படகுகள் புறப்படுகின்றன. நியூயார்க் காவல்துறையின் துறைமுகப் பிரிவும் 1858இல் ஆரம்பித்ததுதான். நங்கூரமிட்ட கப்பல்களில் ஏறிக் கொள்ளையடித்த கும்பல்களைப் பிடிக்க, துடுப்புப் படகில் போனார்கள். ஆக, முதலில் இது சரக்குத் திருட்டைத் தடுக்கும் வேலை. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் வந்தது வெகு காலத்துக்குப் பிறகு.

அந்தப் பொருளை மாற்றியதில் ஒரு சிறிய படகுக்குப் பெரிய பங்கு உண்டு. 2000 அக்டோபர் 12ஆம் தேதி, ஏமன் நாட்டு ஏடன் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்ப நின்றிருந்தது ‘கோல்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல். வெடிமருந்து ஏற்றிய ஒரு சிறு படகு, துறைமுக வேலைக்கு வரும் படகைப் போலச் சாதாரணமாக அருகில் வந்து வெடித்தது. 17 மாலுமிகள் இறந்தார்கள். ரேடாரும் ஏவுகணையும் கொண்ட கப்பலை ஒரு சிறு படகு முடக்கிப்போட்டது. அடுத்த ஆண்டே செப்டம்பர் 11 தாக்குதல். அதன் பிறகு அமெரிக்கா 2002இல் கடல்வழிப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. உலக அளவில் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான பாதுகாப்பு விதித்தொகுப்பு 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டங்கள் பெரிய கப்பல்களை நன்றாகவே கட்டுப்படுத்துகின்றன. எந்தக் கப்பல் எங்கிருந்து வருகிறது, மாலுமிகள் யார் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். தான் யார், எங்கே போகிறேன் என்று தானாகவே அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியும் அவற்றில் கட்டாயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்கப் போகிறவரின் சிறு படகுக்கு இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் பதிவான பொழுதுபோக்குப் படகுகள் மட்டும் ஒரு கோடிக்கும் மேல். அவற்றில் பல எண்ணெய்க் கிடங்கு, பாலத் தூண், சொகுசுக் கப்பல் எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே ஓடுகின்றன. 2008 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை சிறு கலங்களுக்கென்றே தனி உத்தி ஆவணம் வெளியிட்டது இதனால்தான். நகரப் போலீஸ் படகின் தேவை பிறப்பதும் இங்கேதான். லட்சக்கணக்கான சாதாரணப் படகுகளுக்கு நடுவே எது வழக்கத்துக்கு மாறானது என்று பார்க்க, அந்தத் தண்ணீரைத் தினமும் பார்க்கிற கண் வேண்டும்.

யாருக்கு எது பொறுப்பு

ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் அதிகாரம் பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. கப்பல் போக்குவரத்தின் மீது கடைசி வார்த்தை கடலோரக் காவல்படையுடையது. அதில் ‘கேப்டன் ஆஃப் தி போர்ட்’ என்றொரு பதவி உண்டு. கப்பலை நிறுத்தவும், திருப்பி அனுப்பவும், நீர்ப்பரப்பின் ஒரு பகுதியை மூடவும் அவரால் முடியும். சரக்கைச் சோதிப்பது சுங்கத் துறை. முனையத்துக்குள் நுழைகிறவரின் அடையாள அட்டையைப் பார்ப்பது முனைய நிறுவனத்தின் காவலாளி. நகரப் போலீசுக்கு மிஞ்சுவது என்ன என்று தோன்றும். நிறைய மிஞ்சுகிறது. குடித்துவிட்டுப் படகோட்டுகிறவர், பாலத்திலிருந்து குதித்தவர், கரையோரக் கிடங்கில் திருட்டு, மூடிய பகுதிக்குள் தெரிந்தோ தெரியாமலோ நுழைகிற படகு.

மூடிய பகுதி என்பதற்கு ஓர் உதாரணம். 100 அடிக்கு மேல் நீளமுள்ள அமெரிக்கக் கடற்படைக் கப்பலைச் சுற்றி 500 கெஜத்துக்குள் வரும் எந்தப் படகும் கட்டுப்பாடு இழக்காத அளவுக்கு வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அனுமதி இல்லாமல் 100 கெஜத்துக்குள் வரவே கூடாது. 100 கெஜம் என்பது ஏறக்குறைய 91 மீட்டர். வேகப்படகுக்கு அது சில விநாடித் தூரம். அந்தச் சில விநாடிக்குள் எதிரே வருகிறவர் வழி தெரியாத சுற்றுலாப் பயணியா, வேறு யாராவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் ரோந்துப் படகு கப்பலை ஒட்டி நிற்காது. தள்ளி நின்று, வருகிறவரை முன்கூட்டியே மறித்துப் பேச்சுக் கொடுக்கும். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஐ.நா. பொதுச்சபை கூடும்போது நியூயார்க்கின் கிழக்கு நதியில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஐ.நா. கட்டடத்தின் பின்புறம் நதியைப் பார்த்துத்தான் இருக்கிறது. அந்த நாட்களில் கடலோரக் காவல்படையும் நகரப் போலீசும் சேர்ந்து அந்த நீர்வழியைக் காக்கின்றன.

நியூயார்க் நகரத்தின் கரை நீளம் மட்டும் சுமார் 520 மைல், அதாவது 830 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு நீளத்தையும் மத்திய அரசின் படை மட்டும் பார்த்துக்கொள்ள முடியாது.

பணம் எப்படி வருகிறது

2002க்குப் பிறகு துறைமுகப் பாதுகாப்பு மானியத் திட்டம் ஒன்று நடந்து வருகிறது. ‘ஃபெமா’ எனப்படும் மத்தியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் இப்போது அதைக் கவனிக்கிறது. 2008, 2009 வாக்கில் நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 38 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். 2014 முதல் பல ஆண்டுகளுக்கு அது 10 கோடி டாலராகக் குறைந்தது. நியூயார்க், ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருந்துறைமுகங்கள் இதில் போட்டியிடுகின்றன, சின்னஞ்சிறு நகரங்களும் போட்டியிடுகின்றன.

விண்ணப்பத்தை வாஷிங்டன் மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாது. அந்தத் துறைமுகப் பகுதியின் கேப்டன் ஆஃப் தி போர்ட்டும் அதைப் பார்ப்பார். கடலோரக் காவல்படை, போலீஸ், தீயணைப்பு, முனைய நிறுவனங்கள் எல்லாம் உட்கார்ந்து பேசும் பகுதிப் பாதுகாப்புக் குழு ஒன்று உண்டு. அந்தப் பகுதிக்கென எழுதிய பாதுகாப்புத் திட்டத்தில் எந்தக் குறையை இந்தப் படகு நிரப்புகிறது என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். எங்கள் படகு பழசாகிவிட்டது என்று எழுதினால் போதாது. எங்கள் எண்ணெய் முனையத்துக்கு இரவில் வந்து சேர இத்தனை நிமிடம் ஆகிறது, அது இவ்வளவாகக் குறையும் என்று எழுதினால் எடுபடும்.

மானியம் கிடைத்தாலும் முழுப் பணமும் இனாம் கிடையாது. பொது அமைப்புகள் மொத்தச் செலவில் 25 சதவீதத்தைத் தம் பங்காகப் போட வேண்டும். படகு 10 லட்சம் டாலர் என்றால் நகரத்தின் பங்கு இரண்டரை லட்சம். பொதுவாக நகரம் முதலில் செலவு செய்து, பிறகு கணக்குக் காட்டித் திரும்பப் பெறுகிறது. அதனால்தான் நகரமன்றத்தின் ஒப்புதல் தேவைப்படுகிறது. மானியத்தை ஏற்பது, பங்குப் பணத்தை ஒதுக்குவது, கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட அதிகாரம் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் ஒரே தீர்மானத்தில் வரும். வழக்கமாக 36 மாதத்துக்குள் செலவழித்து முடிக்க வேண்டும். மூன்று ஆண்டு நிறையக் காலம் என்று நினைத்தால் தவறு. டெண்டர், வடிவமைப்புப் பேச்சு, கட்டும் தளத்தில் வரிசை, சோதனை ஓட்டம் என்று ஒவ்வொன்றும் மாதங்களை விழுங்கும்.

கொள்முதலும் மத்திய விதிகளுக்கு உட்பட்டது. போட்டி இல்லாமல் ஒரே நிறுவனத்திடம் வாங்கினால் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். சில நகரங்கள் தாமே டெண்டர் விடாமல், வேறொரு அரசு அமைப்பு முறையாக டெண்டர் விட்டு முடித்த ஒப்பந்தத்தில் சேர்ந்துகொள்ளும். நேரம் மிச்சம்தான். ஆனால் தன் தண்ணீருக்குப் பொருந்தாத படகு தலையில் கட்டப்படும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

படகில் என்ன பார்க்க வேண்டும்

போலீஸ் படகு கட்டும் அமெரிக்க நிறுவனங்களில் மூன்றைச் சொல்லலாம். வாஷிங்டன் மாநிலத்தின் சேஃப் போட்ஸ், லூசியானாவின் மெட்டல் ஷார்க், இரட்டை உடல் படகுகளுக்குப் பேர்போன கலிஃபோர்னியாவின் மூஸ் போட்ஸ். கடலோரக் காவல்படை செப்டம்பர் 11க்குப் பிறகு வாங்கிக் குவித்த 25 அடி ‘டிஃபெண்டர்’ படகு சேஃப் போட்ஸ் கட்டியது. படகின் பின்புறம் வெளியே தொங்கும் 225 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் இரண்டு, 46 நாட் வேகம். நிலத்துக் கணக்கில் மணிக்கு 85 கிலோமீட்டர். நகரங்கள் பிற்பாடு கேட்ட பல படகுகள் இந்த அச்சிலேயே வார்த்தவை.

உடல் பெரும்பாலும் அலுமினியம். லேசானது, அடிபட்டால் பற்றவைத்துச் சரிசெய்யலாம். படகின் விளிம்பைச் சுற்றிப் பருத்த வளையம் ஒன்று தெரியும். காற்றடைத்த ரப்பர் குழாய் என்று பலர் நினைப்பார்கள். இந்த வகைப் படகுகளில் அது உள்ளே முழுவதும் நுரைப்பொருள் நிரப்பியது. குத்தினாலும் சுருங்காது. அதன் அருமை இரவில் இன்னொரு படகை நிறுத்தும்போது தெரியும். இரண்டு படகும் அலையில் வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும். ஓட்டுகிறவர் எதிர்ப் படகின் வேகத்துக்குச் சமமாகத் தன் வேகத்தைக் கொண்டுவந்து, பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்து ஒட்டுவார். அந்த வளையம் மோதலை வாங்கிக்கொள்ளும். ஏறுகிறவருக்குக் கிடைப்பது ஒரு நொடி. இரண்டு விளிம்பும் ஒரே உயரத்துக்கு வருகிற நொடியில் கால் மாற்ற வேண்டும். தவறினால் கால் இரண்டு படகுக்கும் நடுவே சிக்கும். வளையம் இல்லாத வெறும் உலோக விளிம்பில் இதைச் செய்வது எத்தனை ஆபத்து என்று மீன்பிடித் துறைமுகத்தில் வளர்ந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே, அலை அடியைத் தாங்கும் ஸ்பிரிங் இருக்கைகள் வேண்டும். வேகத்தில் அலைமேல் விழுந்து எழும் படகு முதுகெலும்பைப் பதம் பார்த்துவிடும். ரேடார், வெப்பத்தைப் பார்க்கும் இரவுக் கேமரா, அவசர அழைப்புக்கான 16ஆம் எண் விஎச்எஃப் வானொலி அலைவரிசை, நீரடியைப் படமெடுக்கும் சோனார், கதிரியக்கம் கண்டறியும் கருவி, தீயணைக்கும் பம்ப், நீர்மூழ்கு வீரர்கள் இறங்கி ஏறக் கீழ்மட்டக் கதவு என்று பட்டியல் நீளும். கேட்பதையெல்லாம் ஏற்றினால் படகு கனத்துவிடும், வேகம் போய்விடும். ஒரே படகு எல்லா வேலைக்கும் என்று நினைத்து வாங்கினால் எந்த வேலைக்கும் முழுதாக உதவாத ஒன்று வந்து நிற்கும். ஆழம் குறைந்த ஏரியும் கால்வாயும் உள்ள நகரத்துக்கு ஒரு படகு, திறந்த கடலைப் பார்த்த துறைமுகத்துக்கு வேறு படகு. இதை முடிவு செய்ய விற்பனையாளரின் விளக்கப்படம் போதாது. அந்தத் தண்ணீரில் பல வருடம் ஓட்டியவரைக் கேட்க வேண்டும்.

வாங்கிய மறுநாளிலிருந்து

உப்புத் தண்ணீர் ஓய்வே எடுக்காது. அலுமினிய உடலில் வேறு உலோகம் தொடும் இடமெல்லாம் மின்வேதி அரிப்பு நடக்கும். அதைத் தடுக்க எஞ்சின் காலிலும் உடலிலும் துத்தநாகத்தில் அல்லது அதற்கென்றே உள்ள அலுமினியக் கலவையில் சிறு கட்டிகளைப் பொருத்துவார்கள். படகுக்குப் பதிலாக அந்தக் கட்டிகள் அரித்துத் தேயும். தேய்ந்ததைக் கவனித்து மாற்றாவிட்டால் அடுத்து அரிப்பது படகுதான். ஓட்டி முடித்த பின் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அடிப்பகுதியில் கொட்டலசும் பாசியும் ஒட்டினால் வேகம் குறைந்து எரிபொருள் கூடும். அதனால் குறித்த காலத்தில் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் பூச வேண்டும். பகலும் இரவும் ஓடும் போலீஸ் படகின் அவுட்போர்டு எஞ்சின், உடலைவிட மிகச் சீக்கிரம் தேய்ந்துவிடும். அந்தப் படகின் ஆயுளில் எஞ்சினைச் சில தடவை மாற்றத்தான் வேண்டியிருக்கும். மானியம் பொதுவாக அன்றாட ரோந்தின் சம்பளத்துக்கும் எரிபொருளுக்கும் கைகொடுக்காது.

ஆள் பிரச்சினை இதைவிடப் பெரிது. சாலையில் கார் ஓட்டும் போலீஸ்காரரைப் படகில் ஏற்றிவிட்டால் அவர் படகோட்டி ஆகிவிடமாட்டார். நீரோட்டம், காற்று, கலங்கரை அடையாளம், இரவில் விளக்கு நிறத்தை வைத்து எதிர்ப்படும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று படிப்பது எல்லாம் தனிப் படிப்பு. அமெரிக்காவில் மாநிலப் படகுச் சட்ட நிர்வாகிகளின் தேசியச் சங்கம் இதற்கென்றே பயிற்சித் திட்டம் நடத்துகிறது. பயிற்சி பெற்றவர் பதவி உயர்வில் வேறு பிரிவுக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

படகு வந்தும் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே சாட்சி. நம் நாட்டில் நகரம் போலீஸ் படகு வாங்குவதில்லை. காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. பெரிய துறைமுகங்களின் வளாகத்தை மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை காக்கிறது. கரையை ஒட்டிய கடலைப் பார்க்க, 2005இல் தொடங்கிய கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் கட்டத்தில் மத்திய அரசு மாநிலங்களுக்கு 204 படகுகள் கொடுத்தது. 12 டன், 5 டன் என்று இரு வகை. கொல்கத்தா, கோவா அரசுத் தளங்களில் கட்டியவை. தமிழ்நாட்டில் 1994இலேயே தொடங்கிய கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இவற்றை ஓட்டுகிறது. 2008 நவம்பரில் பத்துப் பேர் ‘குபேர்’ என்ற மீன்பிடி விசைப்படகைக் கடத்தி வந்து, ரப்பர் படகில் மும்பை கொலாபாவின் மீனவர் குடியிருப்பில் இறங்கி 166 பேரைக் கொன்ற பிறகு இந்தத் திட்டம் வேகம் பிடித்தது. ஆனால் படகை ஓட்டும் ஸ்ராங்கும் எஞ்சின் மெக்கானிக்கும் போதாமல் படகுகள் துறையிலேயே கட்டிக் கிடந்ததையும், ரோந்து நேரம் இலக்கைவிட மிகக் குறைவாக இருந்ததையும் பல மாநிலங்களில் தணிக்கை அறிக்கைகள் சுட்டிக்காட்டின. படகைக் கொடுத்தது மத்திய அரசு. ஆளைத் தேட வேண்டியது மாநில அரசு. நடுவில் படகு நின்றது. அன்று இரவு கொலாபாவில் இறங்கியவர்களை முதலில் பார்த்து, யார் நீங்கள் என்று கேட்டது அங்கிருந்த மீனவ மக்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையும் படகோட்டிகள், மீனவர்கள், படகுத்துறைக்காரர்களைத் தகவல் சொல்லச் சேர்க்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. மக்கள் நம்பிப் பேசாத போலீஸ் படகு கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடும் படகு.

ஓடுகிற படகு பாதுகாப்புக்கு மட்டும் பயன்படுவதில்லை, அது நல்லதுதான். 2001 செப்டம்பர் 11 அன்று மன்ஹாட்டனிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் பேர் ஒன்பது மணி நேரத்துக்குள் படகுகளில் வெளியேறினார்கள். பயணிப் படகு, இழுவைப் படகு, போலீஸ் படகு எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. 2009 ஜனவரி 15 அன்று ஹட்சன் நதியில் விமானம் இறங்கியபோது 155 பேரும் பிழைத்தார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவை அருகில் ஓடிக்கொண்டிருந்த பயணிப் படகுகள். போலீசின் நீர்மூழ்கு வீரர்களும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். தீர்மானத்தில் தீவிரவாதத் தடுப்பு என்று எழுதி வாங்கும் படகு, நடைமுறையில் பெரும்பாலான நாட்களில் மூழ்குகிறவரைத் தூக்கவும் கவிழ்ந்த படகை இழுக்கவும்தான் போகும். அதை வெளிப்படையாகச் சொல்லியே வாங்கலாம்.

இன்னொரு விஷயத்தையும் நகரமன்றம் கேட்க வேண்டும்: படகின் கேமரா எதைப் பதிவு செய்யும், அதை யார் பார்ப்பார்கள்? கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரம் இதே துறைமுக மானியத்தில் ஒரு கண்காணிப்பு மையத்தைத் தொடங்கியது. துறைமுகத்துக்கென்று ஆரம்பித்த அது நகரம் முழுவதும் பரவப் பார்த்தபோது மக்கள் கூட்டம் கூட்டமாக மன்றத்துக்கு வந்து எதிர்த்தார்கள். 2014 மார்ச்சில் அதைத் துறைமுக எல்லைக்குள் சுருக்க மன்றம் முடிவு செய்தது. பின்னர் கருவி வாங்கும் முன்பே தனியுரிமைக் கேள்விகளை ஆராய ஒரு நிரந்தர ஆலோசனைக் குழுவை நகரமே அமைத்தது. இரவுக் கேமரா பொருத்திய படகு கரையோர வீடுகளின் ஜன்னல்களையும் கடந்துதான் போகிறது.

கடைசியாக, படகு பழசானபின்னும் மானியம் விடாது. மத்தியப் பணத்தில் வாங்கிய பொருள் எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்த்துக் கணக்கு வைக்க வேண்டும். இனி வேண்டாம் என்று விற்கும்போது குறிப்பிட்ட தொகைக்கு மேல் மதிப்பு இருந்தால், மத்திய அரசு தன் பங்கைக் கேட்க உரிமை உண்டு. எனவே தீர்மானம் உங்கள் நகரமன்றத்துக்கு வந்தால் விலைப்பட்டியலுக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை மணி நேர ரோந்து, அதற்கு எத்தனை பயிற்சி பெற்ற ஆள், எஞ்சின் மாற்ற எந்தத் தலைப்பில் பணம், படகைக் கட்டி நிறுத்த எந்தப் படகுத்துறை என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். அந்தப் பக்கமே இல்லையென்றால், வாக்கெடுப்புக்கு முன் அதைக் கேட்டு வாங்க உறுப்பினர்களுக்கும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் முழு உரிமை உண்டு.